இடி இடித்த பிறகு லேன் போர்ட் காணாமல் போனால்

கேள்வி: போன வாரம் இடி மின்னலோடு கரண்ட் போய்ப் போய் வந்தது. அன்றிலிருந்து டெஸ்க்டாப்பில் நெட் இல்லை. அதே ரவுட்டரில் போன் நன்றாக ஓடுகிறது. விண்டோஸில் பாகங்களைப் பட்டியலிடும் டிவைஸ் மேனேஜரில் ஈதர்நெட் (லேன்) கார்டின் பெயரே இல்லை. விண்டோஸை இரண்டு முறை புதிதாகப் போட்டும் பயனில்லை. மதர்போர்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். இனி ஃபார்மட்டும் செய்யாதீர்கள், ஏனென்றால் உங்கள் பிரச்சினை விண்டோஸுக்குக் கீழே இருக்கிறது. மதர்போர்டில் உள்ள லேன் சிப்புக்கு, கம்ப்யூட்டரை ஷட்டவுன் செய்த பிறகும் பவர் சப்ளையிலிருந்து 5 வோல்ட் ஸ்டாண்ட்பை கரண்ட் போய்க்கொண்டே இருக்கும் (நெட்வொர்க் வழியாகக் கம்ப்யூட்டரை எழுப்பும் வசதிக்காக). கரண்ட் ஏறி இறங்கும்போது அந்தச் சிப் சில சமயம் குழம்பிப்போய் அப்படியே நின்றுவிடும். ரீஸ்டார்ட் செய்தாலும், விண்டோஸை எத்தனை முறை போட்டாலும் அதற்குப் போகும் கரண்ட் அறுபடாது என்பதால் குழப்பமும் தீராது. யூபிஎஸ் வைத்திருந்தால் கரண்ட் போன நேரத்தில்கூட அறுபட்டிருக்காது.

அதனால் முதலில் இதைச் செய்யுங்கள். ஷட்டவுன் செய்து, பவர் ஒயரைக் கேபினெட்டின் பின்பக்கமிருந்தே உருவிவிடுங்கள், லேன் கேபிளையும் கழற்றுங்கள். பவர் பட்டனை அரை நிமிடம் அழுத்திப் பிடித்துவிட்டு, பத்து நிமிடம் அப்படியே விடுங்கள். மறுபடி இணைத்து ஆன் செய்யும்போது போர்ட்டின் ஓரத்தில் இருக்கும் இரண்டு குட்டி விளக்குகளைப் பாருங்கள். எரிந்தால் பாதிக் கவலை விட்டது. எரியாவிட்டால் வேறு கேபிள், ரவுட்டரில் வேறு போர்ட் இரண்டையும் மாற்றிப் பாருங்கள், இடியில் ரவுட்டரின் ஒரு போர்ட் மட்டும் போய், வைஃபை வழக்கம்போல ஓடுவதும் உண்டு.

அடுத்து பயாஸ், அதாவது விண்டோஸ் தொடங்கும் முன்பே திறக்கும் மதர்போர்டின் அமைப்புத் திரை. உள்ளே போய் ஆன்போர்டு லேன் என்பது எனேபிள் என்று இருக்கிறதா பாருங்கள். சந்தேகமாக இருந்தால் டீஃபால்ட் அமைப்புகளை ஏற்றிச் சேமியுங்கள்.

இப்போது டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணத்தோடு ஏதாவது தெரிந்தால் அதன் ஹார்டுவேர் ஐடியை (பாகத்தின் அடையாள எண்ணை) பாருங்கள். வென் (VEN) என்பதற்குப் பக்கத்தில் 10இசி (10EC) என்றிருந்தால் ரியல்டெக் கம்பெனியின் சிப், 8086 என்றிருந்தால் இன்டெல். சிப் உயிரோடு இருக்கிறது, அதை விண்டோஸோடு பேச வைக்கும் மென்பொருளான டிரைவர்தான் தேவை என்று அர்த்தம். போனை யூஎஸ்பி ஒயரில் இணைத்து, போனின் நெட்டைக் கம்ப்யூட்டருக்குத் தரும் டெதரிங்கைப் போட்டு, மதர்போர்டு கம்பெனியின் தளத்தில் உங்கள் மாடலுக்கான டிரைவரை இறக்கிக்கொள்ளுங்கள். எல்லா டிரைவரையும் தானே தேடித் தரும் என்று வரும் மென்பொருள்கள் பக்கம் போகவே வேண்டாம், ஒன்றைச் சரிசெய்யப் போய் நான்கைக் கெடுத்துக்கொண்டவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

எதுவுமே தெரியவில்லையா? ஒரு பென் டிரைவில் விண்டோஸுக்கு மாற்றான லினக்ஸைப் போட்டு, இன்ஸ்டால் செய்யாமல் அதிலிருந்தே ஓட்டிப் பாருங்கள். அதிலும் சிப் தெரியாவிட்டால் அநேகமாக எரிந்துவிட்டது. பவர் ஒயரைக் கழற்றி, கேபினெட்டைத் திறந்து, லேன் போர்ட்டுக்குப் பக்கத்தில் டார்ச் அடித்துப் பாருங்கள். ரியல்டெக் என்றால் நண்டு படம் போட்ட சின்னச் சதுரச் சிப் இருக்கும். அதன் மேல் ஊசி முனை அளவுக்கு ஓட்டையோ கருகலோ தெரிந்தால் சந்தேகமே இல்லை. ஆனால் வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளுக்குள் போயிருக்கவும் வாய்ப்புண்டு.

அப்போதும்கூட, மற்றதெல்லாம் சரியாக ஓடுகிறது என்றால் மதர்போர்டை மாற்றத் தேவையில்லை. மதர்போர்டில் கூடுதல் கார்டுகளுக்கென இருக்கும் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் ஜிகாபிட் லேன் கார்டு ஒன்று போதும், விலையும் மதர்போர்டோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. கேபினெட்டைத் திறக்கப் பயமாக இருந்தால் யூஎஸ்பி 3.0 லேன் அடாப்டர் வாங்கிக்கொள்ளுங்கள். எதைப் போட்டாலும் பயாஸில் பழைய ஆன்போர்டு லேனை டிசேபிள் செய்துவிடுங்கள்.

புதிய கார்டு வந்த பிறகு, வானம் இருட்டினால் பவர் ஒயரோடு லேன் கேபிளையும் உருவிவிடுங்கள். மொட்டை மாடி வழியாகக் கேபிள் இறங்கும் வீடுகளில் மின்னல் பாதிப்பு பல சமயம் அந்தக் கேபிள் வழியாகத்தான் உள்ளே வருகிறது.