அந்த இசை யாருடையது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

1932 கெய்ரோ அரபு இசை மாநாட்டைப் பற்றி எழுதும்போது, ஈராக் குழுவில் பாடியவர் முஸ்லிம், வாசித்தவர்கள் ஏறக்குறைய எல்லோரும் யூதர்கள் என்று சொல்லியிருந்தீர்கள். அப்படியென்றால் யூதர்களுக்கென்று தனி இசை இல்லையா? முஸ்லிம்களிடம் இரவல் வாங்கியதுதானா?

ஆர்., மதுரை

அன்புள்ள ஆர்.,

இந்தக் கேள்விக்குப் பின்னாலேயே அலைந்த ஒருவரைச் சொல்கிறேன். ராபர்ட் லாக்மன், பெர்லின்காரர், யூதர். முதல் உலகப்போரின்போது போர்க்கைதிகள் முகாமில் மொழிபெயர்ப்பாளராக இருந்தார். அங்கே வட ஆப்பிரிக்கக் கைதிகள் பாடியதைக் கேட்டதிலிருந்து அந்த இசை அவரை விடவில்லை. கெய்ரோ மாநாட்டில் இசைத்தட்டுப் பதிவுக்குத் தலைமை ஏற்றதும் அவர்தான்.

1929இல் துனீசியாவின் ஜெர்பா தீவுக்குப் போனார். ஜெருசலேமில் யூதர்களின் கோயில் இடிபட்ட காலத்திலேயே வந்து சேர்ந்தவர்கள் நாங்கள் என்று அங்குள்ள யூதர்கள் சொல்வார்கள். வெளிக்காற்று படாத பழைய யூத இசை எங்காவது மிஞ்சியிருந்தால் அங்கேதான் இருக்க வேண்டும், இல்லையா? ஆனால் ஜெப ஆலயத்தில் ஆண்கள் வேதம் ஓதுவது ஒரு விதமாகவும், வீட்டில் பெண்கள் பாடுவது வேறு விதமாகவும் இருந்தது. பெண்கள் பாடியது அரபு மொழியில். அந்தப் பக்கத்து அரபுப் பெண்களின் பாட்டோடு சேர்த்து வைக்க வேண்டிய பாட்டு அது.

இதை இரவல் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1587இல் பாலஸ்தீனத்தின் சஃபேத் நகரில் அச்சான தன் எபிரேயப் பாடல் தொகுப்பில், எந்தத் துருக்கிய, அரபு, ஸ்பானியப் பாட்டின் மெட்டில் பாட வேண்டும் என்று யூதக் கவிஞர் இஸ்ரேல் நஜாரா வெளிப்படையாகவே குறித்தார். நாம் வர்ணமெட்டு என்கிறோமே, அதுதான். சிரியாவின் அலெப்போ யூதர்களுக்குச் சனிக்கிழமை வழிபாடு வாரத்துக்கு ஒரு மகாமில் அமையும். மகாம் என்பது நம் ராகம் போன்றது. துக்கமான வாரம் என்றால் ஹிஜாஸ். நம் காதுக்கு அது வகுளாபரணம் போலக் கேட்கும். சொல்லும் சடங்கும் அவர்களுடையவை. மகாம் அந்த ஊர்க்காரர் எல்லோருக்கும் பொது. பிறந்த ஊரின் மொழியைப் பேசுகிறவரிடம் இரவல் மொழி பேசுகிறாய் என்று சொல்வோமா?

நாஜிகள் வேலையைப் பறித்த பிறகு, 1935இல் லாக்மன் ஜெருசலேம் போனார். கெய்ரோவில் ஊத் என்ற நரம்பு வாத்தியம் வாசித்த பாக்தாத் யூதர் எஸ்ரா அஹரோனும் அதற்குள் அங்கே குடியேறியிருந்தார். வெளியே அரபுக் கிளர்ச்சி, துப்பாக்கிச் சூடு. அந்த நாட்களில்தான் லாக்மன் வானொலியில் 12 உரைகள் நிகழ்த்தினார். அவற்றில் பாலைவன நாடோடிகளான பெதுவின்கள், சமாரியர்கள், ஏமன் யூதர்கள் என்று எல்லோரையும் பாட வைத்தார். 1939இல், 46 வயதில் இறந்துபோனார். அந்த வயதை நினைத்தால் இன்றைக்கும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் 1950–51இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட யூதர்கள் ஈராக்கை விட்டுப் போனார்கள். வாத்தியக்காரர்களும் போனார்கள். கெய்ரோவில் அவர்களோடு பாடிய முகம்மது அல்-குப்பான்ஜி பாக்தாதிலேயே இருந்தார்.

அந்தக் கெய்ரோ பதிவுகள் இப்போது கேட்கக் கிடைக்கின்றன. குப்பான்ஜியின் குரலை ஒட்டியே ஜோஸா வரும். தேங்காய்ச் சிரட்டையில் செய்து வில்லால் வாசிக்கிற வாத்தியம் அது. கேட்டுவிட்டு எழுதுங்கள்.