நான்கு செம்புத் தலைகள்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

பாளையங்கோட்டையிலிருந்து எழுதுகிறேன். பெயரைப் போட வேண்டாம்; என் அலுவலகத்தில் நாலைந்து பேர் உங்கள் தளத்தைப் படிக்கிறார்கள்.

நான் எட்டாம் வகுப்பு படித்த காலத்தில் எங்கள் தெருவில் பணம் பிரித்து, டெக் வாடகைக்கு எடுத்து, விடிய விடியப் படம் பார்ப்போம். ஒருநாள் இரண்டு தமிழ்ப் படங்களுக்கு நடுவே, கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிட்ட கேசட் ஒன்று ஓடியது. கேப்டன் நீமோவின் நாட்டிலஸ் என்கிற நீர்மூழ்கிக் கப்பலை வைத்து டிஸ்னி எடுத்த 1954-ஆம் ஆண்டுப் படம். ராட்சதக் கணவாய் மீன் கப்பலை வளைத்துப் பிடித்தபோது என் தங்கை அழுதேவிட்டாள். போன ஞாயிற்றுக்கிழமை அதே படத்தை என் மகளுக்குக் காட்டினேன். பதினொரு வயது. “அப்பா, அது ரப்பர்” என்றாள். பிறகு 1931-இல் வந்த ஃபிராங்கன்ஸ்டைன். அவள் பாதியில் தூங்கிவிட்டாள். உண்மையைச் சொன்னால் எனக்கும் கொட்டாவிதான். நாம் கொண்டாடிய அறிவியல் கதையும் மாயக்கதையும் பேய்க்கதையும் வெறும் வயதுக் கோளாறுதானா? திரும்பத் தொடாமல் ஞாபகத்திலேயே விட்டுவிடலாமா? இன்னொன்று: ஊருக்கு ஒரு மாடனும் வயலுக்கு ஓர் இசக்கியும் இருக்கிற நம் சீமையில் ஏன் ஒரு நாட்டிலஸ் பிறக்கவில்லை?

இப்படிக்கு,
பாளையங்கோட்டை வாசகர்

*

அன்புள்ள தம்பி,

உங்கள் மகள் சொன்னது சரி. அது ரப்பர்தான். அந்தப் படத்தை எடுத்தவர்களும் முதலில் அதையே சொன்னார்கள். கணவாய்ச் சண்டையை முதலில் அந்தி வெளிச்சத்தில், அலையில்லாத கடலில் எடுத்தார்கள். போட்டுப் பார்த்தால் கைகளை இழுக்கும் கம்பிகள்கூடத் தெரிந்தன. அத்தனையையும் தூக்கிப்போட்டுவிட்டு, இரவு, புயல், மழை என்று மாற்றி மறுபடி எடுத்தார்கள். உங்கள் தங்கையை அழவைத்ததில் பாதிப் பங்கு மழைக்குத்தான். கருவி பழசாகும், அதற்கு நாம் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆனால் நீங்கள் திரும்பிப் போன இடம்தான் தப்பு. இரண்டு தடவையும் படத்துக்கே போயிருக்கிறீர்கள், புத்தகத்தைத் தொடவில்லை. இதைச் சொல்ல எனக்கும் பெரிய யோக்கியதை கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் எங்களுக்கு நான்-டீடெயில் பாடமாக வந்தது அந்தப் படத்துக்கு மூலமான ஜூல் வெர்னின் ‘கடலுக்கடியில் இருபதாயிரம் லீக்’ நாவலின் சுருக்கம். முன்னூறு நானூறு பக்கத்தை எண்பது பக்கத்துக்குள் அடைத்திருந்தார்கள். கப்பல் இருந்தது, கணவாய் இருந்தது, சுழல் இருந்தது. அதை வைத்துக்கொண்டே நாவலைப் படித்துவிட்டதாக முப்பது வருடம் பேசித் திரிந்தேன். ஒருமுறை மேடையில் ஃபிராங்கன்ஸ்டைன் என்பதை அந்த ராட்சதனின் பெயர் என்றே சொல்லி, ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்துத் திருத்தியதும் உண்டு. அது படைத்தவனின் பெயர், படைக்கப்பட்டவனுக்குப் பெயரே இல்லை என்று அவர் சொன்னபோது என் காது சிவந்தது.

முழு நாவலை நான் படித்தது திருச்செந்தூர் பஸ்ஸில். பழைய புத்தகக் கடையில் வாங்கிய பிரதி, அட்டை இல்லை. செய்துங்கநல்லூர் தாண்டும்போது இரண்டாம் பாகத்தைப் பிரித்தேன். ஆழ்வார்திருநகரியில் நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு ஜன்னலுக்கு வெளியே இருந்த பனைமரங்கள் சட்டென்று வேறு மாதிரித் தெரிந்தன. நாட்டிலஸ் மன்னார் வளைகுடாவுக்கு வந்திருந்தது. நம் கடலுக்கு, தம்பி. இலங்கைப் பக்கத்து முத்துச் சலாபத்துக்கு, முத்துக்குளிக்கும் இடத்துக்கு.

மார்ச் மாதத்தில் இங்கே 300 படகுகள் கூடும், படகுக்குப் பத்துப் பேர் துடுப்புப் போட, பத்துப் பேர் மாற்றி மாற்றி இறங்குவார்கள் என்று நீமோ விளக்குகிறார். ஆனால் இவர்கள் போய்ச் சேர்ந்தது ஜனவரியில். சலாபம் காலியாகக் கிடக்கிறது. கவச உடை போட்டுக்கொண்டு நீமோ, கதையைச் சொல்கிற பிரெஞ்சுப் பேராசிரியர், அவருடைய பணியாள், திமிங்கில வேட்டைக்காரன் நெட் லேண்ட் ஆகிய நால்வரும் கடலடியில் நடக்கிறார்கள். வழியில் தேங்காய் அளவில் ஒரு முத்து. (வெர்னுக்குப் புளுகுவதில் கூச்சமே கிடையாது.) அதற்கப்புறம்தான் அந்த ஆள் வருகிறார். ஒற்றைத் தோணி, ஒற்றை மனிதர். கூம்பாகச் செதுக்கிய கல்லைப் பாதங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு கயிற்றோடு இறங்குகிறார், கைக்கு அகப்பட்ட சிப்பியைப் பையில் போடுகிறார், மேலே போகிறார், மறுபடி இறங்குகிறார். ஒரு முழுக்குக்கு அரை நிமிடம். சிப்பி பத்துப் பன்னிரண்டு தேறலாம். அதில் முத்து இருக்குமோ இருக்காதோ. அறுவடைக்கு முன்னமே கதிர் பொறுக்க வந்த ஏழை என்கிறார் வெர்ன். முத்துக்குளிப்பவர்கள் கிழப்பருவம் காண்பதில்லை, கண் மங்கும், உடம்பெல்லாம் புண்ணாகும் என்று முந்தின அத்தியாயத்தில்தான் நீமோ சொல்லியிருப்பார்.

சுறா வருகிறது. வாலடியில் அந்த மனிதர் மல்லாந்து விழுகிறார். நீமோ ஒரு குத்துவாளை மட்டும் வைத்துக்கொண்டு சுறாவின் மேல் பாய்கிறார். அவரும் கீழே விழ, நெட் லேண்ட் ஈட்டியால் அதை முடிக்கிறான். நீமோ எழுந்ததும் முதலில் செய்கிற காரியத்தைக் கவனியுங்கள். கல்லோடு அந்த மனிதரைப் பிணைத்திருந்த கயிற்றை அறுக்கிறார். மேலே தூக்கிப்போய்த் தோணியில் போட்டு, தேய்த்துவிட்டு உயிர் வரவழைக்கிறார்கள். அவர் கண் திறக்கிறார். அவர் மேல் நான்கு பெரிய செம்புத் தலைகள் குனிந்திருக்கின்றன.

இந்த வரியில் நான் பஸ்ஸில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதுவரை நான் கவசத்துக்கு உள்ளேயிருந்து கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். வெர்ன் அப்படித்தான் உட்காரவைத்திருந்தார். அந்த ஒரு வரியில் தோணிக்குள் மல்லாந்து கிடந்தேன். கவசத்துக்குள் இருப்பவனுக்கு இது அறிவியல் கதை. தோணியில் கிடப்பவருக்கோ? முகம் கிடையாது, கவிழ்த்த செம்புக் குடத்துக்குக் கண்ணாடிக் கண், பேச்சில்லை, மூச்சில்லை. அதில் ஒன்று பைக்குள் கை விட்டு ஒரு சிறு முத்துப் பையை எடுத்து அவர் நடுங்கும் கையில் வைத்துவிட்டுக் கடலுக்குள் இறங்கிப் போய்விடுகிறது. அவர் கரைக்குப் போய் இதை என்னவென்று சொல்லியிருப்பார்? நம் கரைக்காரராக இருந்தால் ஒரு முத்தையாவது தூத்துக்குடிப் பனிமய மாதாவுக்குக் காணிக்கை போட்டிருப்பார். உள்நாட்டு ஊராக இருந்தால் நான்கு பீடம் எழும்பி, வருஷக் கொடையில் வில்லுப்பாட்டில் செம்புத்தலையன் கதை பாடிக்கொண்டிருப்பார்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு என்னிடம் இருக்கிற பதில் கிட்டத்தட்ட இதுதான். நாட்டிலஸ் இங்கேயும் வந்திருக்கிறது. நாம் தோணியில் கிடந்ததால் அதற்குப் பீடம் போட்டோம்.

வெர்ன் அறியாத ஒன்றும் இதில் உண்டு. நம் கடலில் சுறாவைக் கட்டுவதற்கென்றே கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். மந்திரம் சொல்லிச் சுறாவின் வாயைக் கட்டுவார். இந்தக் கரைக்கு வந்த மார்கோ போலோ, அப்படி மந்திரிப்பவர்களுக்குக் கிடைக்கிற முத்தில் இருபதில் ஒரு பங்கு போனதாக எழுதியிருக்கிறார். பிற்பாடு ஆங்கில அரசாங்கமே அவர்களுக்குக் கூலி கொடுத்தது; அவர் இல்லாமல் யாரும் நீரில் இறங்க மாட்டார்கள் என்பதால். அந்த வேலையை வெர்ன் குத்துவாளிடம் கொடுத்தார். 1961-இல் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பும் முடிந்துபோனது. அப்போது தூத்துக்குடி நம் திருநெல்வேலி மாவட்டம்தான்.

சுறாவைக் கொன்ற பிறகு, யாரோ ஒருவனுக்காக ஏன் உயிரைக் கொடுக்கப் போனீர்கள் என்கிற மாதிரிப் பேராசிரியர் பேச்செடுக்கிறார். நீமோவின் குரல் கொஞ்சம் தழுதழுக்கிறது. அந்த இந்தியன் ஒடுக்கப்பட்டவர்களின் நாட்டில் வாழ்கிறவன், கடைசி மூச்சு வரைக்கும் நானும் அந்த நாட்டுக்காரன்தான் என்கிறார். 1870-இல் இதைப் படித்தவர்கள் ஏதோ உவமையாகச் சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். வெர்னும் உவமையாகவே எழுதியிருக்கலாம். முதலில் அவர் நீமோவை ரஷ்யாவின் மேல் வஞ்சம் தீர்க்கும் போலந்துக்காரராகத்தான் வைத்திருந்தார். ரஷ்யாவில் புத்தகம் விற்க வேண்டுமே என்று பதிப்பாளர் ஹெட்சல் ஒப்பவில்லை. நாடு சொல்லாமலே நாவல் முடிந்தது. ஐந்து வருடம் கழித்து ‘மர்மத் தீவு’ நாவலின் முடிவில், நீமோ என்பவர் புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார், திப்பு சுல்தானின் உறவினர், 1857 கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்தவர் என்று எழுதினார். தான் எழுதிய வரியைத் தானே திரும்பப் படித்துவிட்டுத்தான் இந்த முடிவுக்கு வந்தாரோ என்று எனக்குச் சந்தேகம். மறுவாசிப்பு செய்த முதல் வாசகர் அவரே. வருடக் கணக்கு மட்டும் இரண்டு புத்தகத்துக்கும் ஒத்துவராது. அதை அவர் சட்டை செய்யவில்லை, நானும் செய்யவில்லை.

1916-இல் வந்த ஊமைப்படத்தில் நீமோ இந்திய இளவரசராகவே வருகிறார். நீங்கள் பார்த்த 1954-ஆம் ஆண்டுப் படத்தில் இந்தியாவும் கிடையாது, முத்துச் சலாபமும் கிடையாது. ரப்பர் கணவாய்க்கு இடம் வேண்டுமே.

அந்தக் கணவாய்ச் சண்டையிலும் ஒரு துளி சிந்திப்போயிற்று. நாட்டிலஸில் எல்லா மாலுமிகளும் வேறு யாருக்கும் புரியாத ஒரு மொழியைத்தான் பேசுவார்கள். அவர்கள் எந்த நாட்டுக்காரர்கள் என்றே பேராசிரியரால் கண்டுபிடிக்க முடியாது. கணவாயின் பிடியில் சிக்கிய ஒருவன் மட்டும் சாகும் நேரத்தில் பிரெஞ்சில் காப்பாற்றச் சொல்லிக் கத்துகிறான். அந்தக் கூச்சலைக் கேட்ட பிறகுதான், இத்தனை நாளாகத் தன் நாட்டான் ஒருவன் பக்கத்திலேயே இருந்தது பேராசிரியருக்குத் தெரிகிறது. படத்தில் பயப்பட வேண்டியது கணவாய்க்கு. புத்தகத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது அந்தக் கூச்சலுக்கு.

ஃபிராங்கன்ஸ்டைனிலும் இதே கதைதான். 1931-ஆம் ஆண்டுப் படத்தில் அந்த ராட்சதனுக்கு உறுமல் மட்டுமே. மேரி ஷெல்லி 1818-இல் வெளியிட்ட நாவலில் அவன் நம்மையெல்லாம் விடப் பேச்சுக்காரன். ஒரு குடிசையின் சுவரிடுக்கு வழியாக ஒட்டுக் கேட்டே மொழி படிக்கிறான். காட்டில் கிடந்த தோல்பெட்டியில் மூன்று புத்தகங்கள் கிடைக்கின்றன. ஒன்று மில்டனின் காவியம். அந்த வீட்டின் கண் தெரியாத கிழவரிடம் மட்டும்தான் அவனால் மனிதனாக உட்கார்ந்து பேச முடிகிறது, பிள்ளைகள் வந்து பார்த்து அடித்துத் துரத்தும் வரைக்கும். வாயைப் பிடுங்கிக்கொண்டால் கொட்டாவி வராமல் என்ன செய்யும்? இதைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர் நம் திருநெல்வேலிக்காரர் புதுமைப்பித்தன். வைத்த தலைப்பு ‘பிரேத மனிதன்’. அவர் வைத்த தலைப்பைப் பார்த்திருந்தாலே மேடையில் எனக்கு அந்த அவமானம் வந்திருக்காது.

எல்லாமே திரும்பப் படிக்கத் தாங்கும் என்று சொல்ல மாட்டேன். டிராகுலாவில் கோட்டைக்குள் நடக்கிற முதல் நான்கு அத்தியாயங்களுக்காக நான் எதையும் தருவேன். லண்டன் வந்ததும் இழுவை. வெயில் பட்டால் ரத்தக்காட்டேரி சாகும் என்பதும் அதில் இல்லை, 1922-இல் எடுத்த ஜெர்மன் படம் கிளப்பிவிட்டது. புத்தகத்தில் அவன் பகலிலேயே லண்டன் தெருவில் நிற்பான். வெர்னிலும் பக்கம் பக்கமாக மீன் பெயர் வரும். கூசாமல் தாவிவிடுங்கள், நானும் தாவினேன்.

அன்று திருச்செந்தூரில் இறங்கியதும் கோயிலுக்குப் போகாமல் நேராகக் கடலுக்குத்தான் போனேன். நல்ல வெயில். முழங்கால் தண்ணீரில் மொட்டைத்தலைப் பிள்ளை ஒன்று அலைக்குப் பயந்து அப்பாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டிருந்தது. சந்தனம் பூசிய அந்தத் தலையையும் அதற்குப் பின்னால் மின்னிய தண்ணீரையும் வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உங்கள் மகளுக்குப் படம் வேண்டாம். முத்துச் சலாபத்து அத்தியாயம் ஒன்றை மட்டும், முன்கதை எதுவும் சொல்லாமல், அந்தத் தோணிக்காரர் வீட்டுக்கு வந்து சொல்கிற மாதிரிச் சொல்லுங்கள். சொல்லி முடித்ததும் அந்த நான்கு பேரையும் வரையச் சொல்லுங்கள். தாளை எனக்கு அனுப்பிவையுங்கள், தம்பி.

அன்புடன்,
அண்ணாச்சி