துளை போடாதீர்கள், ஸ்டேப்ளர் பின் அடிக்காதீர்கள்: சிப் கார்ட் கேள்வி-பதில்

இம்முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே வரிதான்: "கார்ட் வேலை செய்யவில்லை, என்ன செய்யலாம்?" எந்த கார்ட், எந்த மெஷின், திரையில் என்ன வந்தது, செருகினால் போகிறதா என்ற விவரம் ஒன்றும் இல்லை. வைத்தியரிடம் போய் "சுகமில்லை" என்று மட்டும் சொல்லிவிட்டு எழும்பி வருகிறவருக்கு எந்த மருந்தை எழுதுவது? கொஞ்சமாவது விவரம் எழுதியவர்களுக்கே கீழே பதில்.

கடைகளில் செருகினால் பணம் போகிறது. மெஷினின் மேலே வைத்தால் போவதில்லை. சிப்பை அழிறப்பரால் நன்றாகத் துடைத்தும் பலன் இல்லை. — வெள்ளவத்தை வாசகர்

செருகினால் போகிறது என்று எழுதினீர்களே, அதற்கு நன்றி. அந்த ஒரு தகவலே பாதி விடை. உங்கள் சிப் நலமாக இருக்கிறது.

நீங்கள் துடைத்த பொன்னிறத் தகடு, கார்டைச் செருகும்போது மெஷினின் ஊசிகள் வந்து தொடுகிற இடம். மேலே வைக்கும்போது அதற்கு வேலையே இல்லை. அப்போது வேலை செய்வது கார்டின் ஓரமாக, பிளாஸ்டிக்குக்குள் ஓடும் மயிரிழைக் கம்பிச் சுருள். கார்டுக்குள் பற்றரி கிடையாது. மெஷின் 13.56 மெகாஹேர்ட்ஸில் ஒரு காந்தப் புலத்தை எழுப்புகிறது. சுருள் அதிலிருந்து மின்சாரத்தை எடுத்துச் சிப்புக்குக் கொடுக்கிறது. சிப் விழித்துக்கொண்டு பதில் சொல்கிறது. சுருள் எங்காவது அறுந்துபோனாலோ, சுருளும் சிப்பும் சேரும் இடம் விட்டுப்போனாலோ, மேலே வைத்து எவ்வளவு நேரம் காத்திருந்தாலும் பயன் இல்லை. பின்பொக்கற்றில் பேர்ஸை வைத்து அதன் மேல் உட்காருகிறவர்களின் கார்டுகளுக்கு இதுதான் வழக்கமான முடிவு.

என்எஃப்சி (கார்டைத் தொட்டு வாசிக்கும் வசதி) உள்ள கைப்பேசி வீட்டில் யாரிடமாவது இருக்கும். அந்த வசதியைத் திறந்துவிட்டு, கார்டை அதன் முதுகில் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். சத்தமோ அதிர்வோ வந்தால் சுருள் உயிரோடு இருக்கிறது. அப்படியானால் தடை வங்கியின் பக்கம். தொகை வரம்பைத் தாண்டியிருக்கலாம், அல்லது பல தடவை தொடர்ந்து பின் (PIN) இலக்கம் இல்லாமல் செலுத்திவிட்டீர்கள் என்று கார்ட் தானே நிறுத்தியிருக்கலாம். ஒரு முறை செருகிப் பின் இலக்கத்தை அடித்தால் பெரும்பாலும் சரியாகும். கைப்பேசியும் பேசாமல் இருந்தால் புதுக் கார்ட் கேளுங்கள். அழிறப்பரைப் பிள்ளையிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நேற்றுத்தான் புதுக் கார்ட் வந்தது. முதல் நாளே மேலே வைத்தால் மறுக்கிறது. — மருதானை

முதலில் ஒரு தடவை செருகிப் பின் இலக்கத்தை அடியுங்கள். பல வங்கிகளின் கார்டுகள் அதற்குப் பிறகே மேலே வைத்தால் வேலை செய்யும். கூடவே வந்த தாளில் இதை அச்சிட்டிருப்பார்கள், யாரும் வாசிப்பதில்லை.

பேர்ஸைத் திறக்காமலே மெஷினில் வைப்பது என் பழக்கம். சில நாள் போகிறது, சில நாள் போவதில்லை. போன கிழமை மனைவியின் கார்டிலிருந்து பணம் போயிருக்கிறது. — கொட்டாஞ்சேனை

பேர்ஸுக்குள் மூன்று நான்கு கார்டுகள் இருந்தால் மெஷினின் புலத்தில் எல்லாமே விழித்துக்கொள்ளும். ஒன்றுக்கு மேல் தெரிந்தால் எதையும் எடுக்காமல் "ஒரு கார்டை மட்டும் காட்டுங்கள்" என்று நிறுத்துவதுதான் விதி. ஆனால் பேர்ஸ் சற்றுச் சரிந்து ஒரு கார்ட் மட்டும் முந்திக்கொண்டால், அதிலிருந்து பணம் போய்விடும். மெஷினுக்கு உங்கள் குடும்ப விவகாரம் தெரியாது. கார்டைத் தனியே எடுங்கள், தட்டையாக வையுங்கள், சத்தம் வரும்வரை அசைக்காதீர்கள். உரசி எடுக்கிற பழக்கம் பழைய காந்தப் பட்டிக் காலத்தோடு போயிருக்க வேண்டியது.

செட்டியார் தெருவில் நகைக்கடை வைத்திருக்கிறோம். புது மெஷின், ஆனால் பத்தில் நாலைந்து கார்டுகள் மேலே வைத்தால் எடுபடுவதில்லை. அதே மெஷினை வங்கி ஆள் கையில் பிடித்துச் சோதித்தால் எல்லாம் போகிறது.

விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள்: கையில் பிடித்தால் போகிறது. உங்கள் மேசை எவர்சில்வர் தகடா, அல்லது கண்ணாடிக்குக் கீழே உலோகச் சட்டமா என்று பாருங்கள். காந்தப் புலத்துக்கு அருகே உலோகத் தகடு இருந்தால் அந்தத் தகட்டிலும் மின்னோட்டம் சுழன்று புலத்தை எதிர்க்கும், மெஷினின் அதிர்வெண் இசைவும் விலகும். வலுவான சுருள் உள்ள கார்ட் சமாளிக்கும், மற்றது சமாளிக்காது. மெஷினை மரப்பலகை அல்லது தடித்த பிளாஸ்டிக் தாங்கியின் மேல் நாலைந்து சென்றிமீற்றர் உயர்த்தி வையுங்கள். செலவு சில நூறு ரூபாய்.

இன்னொன்று. எந்த இடத்தில் கார்டை வைப்பது என்பது மெஷினுக்கு மெஷின் மாறும்: திரையின் மேல், தலைப்பக்கம், சிலவற்றில் பக்கவாட்டில். நான்கு வளைந்த கோடுகள் போட்ட சின்னம் இருக்கும் இடம்தான் இடம். அதை விலைப்பட்டியல் ஒட்டி மறைத்துவிட்டு, வாடிக்கையாளரின் கார்டைக் குறை சொல்கிற கடைகள் கொழும்பில் நிறைய.

அலுவலகக் கதவு திறக்கும் கார்டைக் கழுத்தில் மாட்டுவதற்கு ஒரு துளை போட்டேன். அன்றிலிருந்து கதவு திறக்கவில்லை. அதோடு, அம்மாவின் கனேடியக் கடவுச்சீட்டின் பின்னட்டையில் டிராவல்ஸ்காரர் டிக்கட்டையும் காப்புறுதித் தாளையும் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துத் தந்திருக்கிறார். இதனால் ஏதும் வருமா? — பம்பலப்பிட்டி

தம்பி, கதவு திறக்காமல் வெளியே நின்றுகொண்டு "ஏதும் வருமா" என்று கேட்கிறீர்கள்.

மேலே சொன்ன சுருள் கார்டின் ஓரத்தைச் சுற்றி மூன்று நான்கு தடவை ஓடுகிறது. துளை போடுவதற்கு எல்லோரும் தேடுகிற இடமும் அதே ஓரம்தான். ஒரு சுற்று அறுந்தால் மற்றச் சுற்றுகள் ஈடுசெய்யும் என்று நினைக்காதீர்கள். அது ஒரே கம்பி, ஓரிடத்தில் அறுந்தால் முழுவதும் போய்விட்டது. ஒட்டிச் சரிப்படுத்தவும் முடியாது. கழுத்துப்பட்டிக்கென்று பிளாஸ்டிக் உறை முதலாம் குறுக்குத் தெருவில் குவிந்து கிடக்கிறது. புதுக் கார்டுக்கு உங்கள் அலுவலகம் பிடிக்கப்போகும் காசில் அதை ஒரு பெட்டியாகவே வாங்கலாம்.

கடவுச்சீட்டு விஷயத்துக்கு வருகிறேன். இதைப் பல வருடங்களாக எழுதுகிறேன், இன்னும் எழுதுவேன். சிப் உள்ள கடவுச்சீட்டில் சிப்பும் சுருளும் எங்கே இருக்கும் என்பது நாட்டுக்கு நாடு வேறு. சிலவற்றில் பின்னட்டைக்குள், சிலவற்றில் முன்னட்டைக்குள், சிலவற்றில் படம் உள்ள தடித்த பிளாஸ்டிக் பக்கத்துக்குள். பின் அடிக்கிறவருக்கு அது தெரியுமா? தெரியாது. தெரியாத இடத்தில் இரும்பைக் குத்துகிறார். குத்து சுருளில் பட்டால் சிப் அந்தக் கணமே ஊமை. படாவிட்டாலும் விமான நிலையத்தில் அந்தப் பின்னைக் கத்தரிக்கோலால் நெம்பி எடுக்கும்போது அட்டை பிய்கிறது.

பின் மட்டுமா? பத்துப் பதினைந்து கடவுச்சீட்டுகளை ஒன்றாக அடுக்கி இறப்பர் பட்டியால் இறுக்கி வளைப்பது, அட்டையில் பெயர்த் துண்டு ஒட்டுவது, பயணப் பொதி ஸ்டிக்கரைப் பின்னட்டையில் ஒட்டிப் பிறகு உரிப்பது, இவை எல்லாமே அந்தத் தொழிலில் ஒழுங்கு என்று நினைத்துச் செய்யப்படுகின்றன. நகரத்தின் நடுவே ஓர் அலுவலகத்தில் நான் ஆட்சேபித்தபோது, "சிப் இல்லாத புத்தகங்களுக்கும் இப்படித்தான் செய்கிறோம்" என்று பதில் வந்தது. சிப் இல்லாத புத்தகத்திலும் ஏன் துளை போட வேண்டும்?

இதில் ஒரு வேறுபாட்டைக் கவனியுங்கள். சிப் செத்துப்போன கடவுச்சீட்டு செல்லுபடியாகாதது அல்ல. பொதுவாக அது காலாவதித் திகதி வரை பயண ஆவணமே. விமான நிலையத்தில் கடவுச்சீட்டைத் தானே வாசித்துத் திறக்கும் தானியங்கி வாசலில் திரும்பி வந்து அதிகாரியிடம் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் அட்டை கிழிந்து, பக்கம் பிய்ந்து, யாரோ திறந்து பார்த்ததுபோல் தோன்றினால் அது சேதமடைந்த ஆவணம். அதை ஏற்க மறுக்க அதிகாரிக்கு உரிமை உண்டு. சிப்பைக் கொல்லுகிற அதே பின்தான் இந்த நிலைக்கும் கொண்டுபோகிறது. அம்மாவின் பின்னை இன்றே கையால், மெதுவாக, இரண்டு காலையும் நிமிர்த்தி எடுங்கள். இழுக்காதீர்கள். அடுத்த முறை தாள்களைக் கடித உறைக்குள் போட்டுத் தரச் சொல்லுங்கள். அதற்கும் மேலதிகக் கட்டணம் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள்.

ஹீத்ரோவில் தானியங்கி வாசலில் என் இலங்கைக் கடவுச்சீட்டை மூன்று தடவை வைத்தேன். மறுத்துவிட்டது. சிப்பை மாற்ற பத்தரமுல்லைக் குடிவரவுத் திணைக்களத்துக்குப் போக வேண்டுமா?

வேண்டாம். அந்த வாசல் பிரித்தானியா, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள், அவுஸ்திரேலியா, கனடா, நியூசிலாந்து, அமெரிக்கா, ஜப்பான், சிங்கப்பூர், தென் கொரியா போன்ற சில நாட்டவருக்கு மட்டும். இலங்கை அதில் இல்லை. வாசலுக்கு முன்னால் கொடிகள் போட்ட பலகை இருக்கும். அதைவிட, முன்னட்டையில் நீள்சதுரத்தின் நடுவே வட்டம் வைத்த சிறிய சின்னம் இருக்கிறதா என்று பாருங்கள். சின்னம் இல்லையென்றால் உள்ளே சிப்பும் இல்லை. இல்லாததை எப்படி மாற்றுவது?

என்னிடம் பிரித்தானியக் கடவுச்சீட்டு. சில விமான நிலையங்களில் வாசல் உடனே திறக்கிறது, சிலவற்றில் "உதவி நாடுங்கள்" என்று வருகிறது. சிப் பழுதாகி வருகிறதா? — விடுமுறைக்குத் தெஹிவளை வந்திருக்கும் வாசகி

நல்ல கேள்வி அம்மா. ஓரிடத்திலாவது திறந்தால் சிப்பும் சுருளும் நலம்.

வாசல் முதலில் சிப்பைத் தேடுவதில்லை. படப் பக்கத்தின் அடியில் அம்புக்குறிகளோடு இரண்டு வரிகள் இருக்கின்றன அல்லவா, 44 எழுத்துகள் வீதம்? அதைத்தான் முதலில் கமராவால் படிக்கிறது. அதிலுள்ள கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, காலாவதித் திகதி மூன்றையும் சேர்த்துச் செய்யும் சாவியால்தான் வழமையாகச் சிப் திறக்கும். பைக்குள் மூடிக் கிடக்கும் புத்தகத்தை வெளியிலிருந்து யாரும் இரகசியமாக வாசிக்காமல் இருக்கச் செய்த ஏற்பாடு இது. ஆகவே அந்த வரிகளின் மேல் எண்ணெய்க் கறையோ, கீறலோ, பளபளக்கும் பிளாஸ்டிக் உறையோ இருந்தால், சிப் எவ்வளவு நலமாக இருந்தும் பூட்டிய பூட்டுத்தான். உறையைக் கழற்றுங்கள். பக்கத்தை மென்மையான உலர்ந்த துணியால் துடையுங்கள்.

சாவி பொருந்திய பிறகு உங்கள் படத்தை இறக்க வேண்டும். அது ஏறக்குறைய 20 கிலோபைட், சில விநாடிகள் எடுக்கும். வங்கிக் கார்டைப் போல அரை விநாடி வேலை அல்ல. அதற்குள் புத்தகத்தைத் தூக்கினால் எல்லாம் முதலிலிருந்து. பிறகு, அந்தத் தரவில் உள்ள உங்கள் நாட்டின் இலத்திரனியல் கையொப்பத்தைச் சரிபார்க்க அந்த நாட்டின் சான்றிதழ் வாசலிடம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அங்கேயும் நிற்கும். கடைசியாக முகம்: படம் எடுத்து எட்டு வருடம், மூக்குக்கண்ணாடி, நெற்றியில் விழும் தலைமயிர். இத்தனை இடங்களில் எங்கே தடுக்கினாலும் திரையில் வருவது "உதவி நாடுங்கள்" என்ற ஒரே வாசகம். சிப் மேல் பழி போட வேண்டாம். கண்ணாடியைக் கழற்றி, புத்தகத்தை அழுத்திப் பிடித்து, அசையாமல் நில்லுங்கள்.

கைப்பேசியில் கடவுச்சீட்டைத் தொட்டால் ஒவ்வொரு முறையும் வேறு வேறு இலக்கம் காட்டுகிறது. போலிப் புத்தகமா?

இல்லை. உங்களை யாரும் அந்த இலக்கத்தை வைத்துப் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் சிப் ஒவ்வொரு தடவையும் புது இலக்கம் சொல்கிறது; 08 என்று தொடங்கும், பாருங்கள். எதுவுமே காட்டவில்லை என்று எழுதிய இன்னொருவருக்கும் இங்கேயே பதில்: அமெரிக்கக் கடவுச்சீட்டின் அட்டையில் உலோக மறைப்பு உண்டு. திறந்து வைத்துப் பாருங்கள்.

100 ஆம் இலக்க பஸ்ஸில் நெரிசலில் யாராவது மெஷினை என் பொக்கற்றில் உரசிப் பணத்தை எடுத்துவிடுவார்களா? மறைப்பு உறை வாங்கவா?

கார்ட் வேலை செய்வது நாலைந்து சென்றிமீற்றருக்குள். மெஷினுக்குப் பின்னால் வங்கியில் பதிவான ஒரு வியாபாரியின் கணக்கு இருக்க வேண்டும். பணம் யாரிடம் போனது என்பது முதல் முறைப்பாட்டிலேயே தெரிந்துவிடும். அந்த பஸ்ஸில் பேர்ஸையே எடுத்துக்கொண்டு போகிறவர்கள்தான் உண்மையான ஆபத்து. உறை வேண்டுமென்றால் வாங்குங்கள். ஆனால் அதற்குள் வைத்தபடியே கடையில் நீட்டிவிட்டு "வேலை செய்யவில்லை" என்று எனக்கு எழுதாதீர்கள்.

கைப்பேசி உறைக்குள் கார்டை வைத்தபடியே வயரில்லாச் சார்ஜரில் வைக்கலாமா?

கூடாது. சார்ஜரின் புலம் கார்டின் சுருள் பழகிய புலத்தைவிடப் பல மடங்கு வலுவானது. சூடாகும், சிப்பும் போகலாம். சில கைப்பேசி உறைகளில் உள்ள காந்த வளையமும் மேலே வைக்கும்போது கார்டை மறைக்கும். கார்டை வெளியே எடுங்கள்.

சலவை மெஷினில் கார்ட் போய்விட்டது. பிறகு மகள் அயன்பெட்டியால் நிமிர்த்தினாள்.

தண்ணீரில் தப்பியிருக்கும். அயன்பெட்டியில் தப்பியிருக்காது. வங்கிக்குப் போங்கள்.

குளிர்சாதனப் பெட்டிக் கதவின் காந்தத்தால் சிப் அழியுமா? — கொச்சிக்கடை

அழியாது. காந்தப் பட்டிதான் அழியக்கூடும்.