யாரோ ஒருவர் சாகட்டும் என்றா நான் ஜெபிக்கிறேன்?

அன்புள்ள அம்மா,

எனக்கு 44 வயது. பாளையங்கோட்டையில் இருக்கிறோம். என் வீட்டுக்காரருக்கு இரண்டு கிட்னியும் செயலிழந்து மூன்று வருடமாக டயாலிசிஸ் நடக்கிறது. வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். எனக்குச் சர்க்கரை இருப்பதால் என் கிட்னியை எடுக்க முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அவருடைய கூடப்பிறந்தவர்களுக்கும் பொருந்தவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து கிடைக்கும் கிட்னிக்காகப் பதிவு செய்துவிட்டுக் காத்திருக்கிறோம். அவருக்கு ஓ பாசிட்டிவ். ஓ பிரிவுக்காரருக்கு ஓ பிரிவுக் கிட்னிதான் சேருமாம்.

ஒரு நாளைக்கு அவர் குடிக்க முக்கால் லிட்டர் தண்ணீர்தான். பாட்டிலில் மார்க்கரால் கோடு போட்டு வைத்திருக்கிறேன். வெயில் நாளில் ஒரு ஐஸ் கட்டியை வாயில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக்கொள்வார். ராத்திரி அவர் தூங்கியதும் இடது கையில் ஃபிஸ்டுலா போட்ட இடத்தை, டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துத் தைத்த இடத்தை, தொட்டுப் பார்ப்பேன். உள்ளே ரத்தம் குறுகுறுவென்று ஓடுவது விரலில் தெரியும். அது தெரிந்தால்தான் எனக்குத் தூக்கம்.

போன மாதம் ராத்திரி பதினொன்றரை மணிக்கு மதுரையிலிருந்து போன். ஒரு கிட்னி கிடைக்கலாம், உடனே வாருங்கள் என்றார்கள். கார் பிடித்து ஓடினோம். கயத்தாறு, கோவில்பட்டி என்று வழி நெடுக ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டே போனேன். விடியற்காலையில், வேறொருவருக்குப் பொருத்தம் கூடுதலாக இருக்கிறது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதைக்கூடத் தாங்கிக்கொண்டேன். ஆனால் அங்கே வராந்தாவில் ஒரு அம்மா, என் வயதுதான் இருக்கும், ஒரு பையனுடைய செருப்பை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யார், என்ன என்று நான் கேட்கவில்லை. கேட்கப் பயம்.

அன்றிலிருந்து ஜெபிக்க உட்கார்ந்தால் அந்தச் செருப்புதான் வருகிறது. மூன்று வருடமாக நான் யாரோ ஒருவர் சாகட்டும் என்றா கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருந்தேன்? எவ்வளவு கல்நெஞ்சக்காரி நான். புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்த அட்டை, ‘கர்த்தருக்குக் காத்திருக்கிறவர்களோ புதுப்பெலன் அடைந்து’ என்ற வசனம், கண்ணாடியில் செருகியிருக்கிறது. அதைப் பார்க்கவே கூச்சமாக இருக்கிறது. ஜெபக்குழுவில் ஒரு சகோதரி, “விசுவாசம் இருந்திருந்தால் இந்நேரம் கிடைத்திருக்கும்” என்கிறார். இதையெல்லாம் என் வீட்டுக்காரரிடம் சொல்லவும் முடியவில்லை.

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரி,

அந்தச் செருப்பைப் படித்ததும் மேலே போகமுடியாமல் கொஞ்ச நேரம் கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன். வெறுங்கையோடு திரும்புகிற விடியற்காலையில் இன்னொரு தாயின் மடி உங்கள் கண்ணில் பட்டிருக்கிறது. கல்நெஞ்சக்காரிக்கு அது தெரியாது.

உங்கள் கேள்விக்கே நேராக வருகிறேன். மூளைச்சாவை எப்படி உறுதி செய்கிறார்கள் என்று யாராவது உங்களுக்கு விளக்கினார்களா? நான்கு மருத்துவர்கள், குறைந்தது ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துக் கையெழுத்துப் போடவேண்டும். மாற்று அறுவை செய்யும் டாக்டர் அதில் இருக்கக்கூடாது. 1994ஆம் ஆண்டுச் சட்டம் இது. யாருக்குக் கிட்னி தேவை என்பதற்கும் அந்தக் கையெழுத்துக்கும் சம்பந்தமே இல்லை. உங்கள் ஜெபம் எந்தப் பிள்ளையின் பைக்கையும் சாய்க்கவில்லை, அம்மா.

2008இல் திருக்கழுக்குன்றத்து ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது அவனுடைய பெற்றோர் உறுப்புகளைக் கொடுத்தார்கள். இருவரும் மருத்துவர்கள். பிள்ளை இனி வரமாட்டான் என்பது அவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்கும். அதற்கப்புறமும் ‘சரி’ என்று சொல்ல ஒரு பெலன் வேண்டியிருந்ததே, நீங்கள் இத்தனை நாள் கேட்டது அந்தப் பெலனைத்தான். இழப்பு எப்படியும் நேர்ந்துவிட்ட ஒரு வீட்டில், அந்த ஒரு மணி நேரத்தில், யாரோ மனம் இரங்கவேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். காரில் வந்த சந்தோஷம் உங்கள் கணவர் பிழைப்பார் என்ற சந்தோஷம். வராந்தாவில் வந்த துக்கமும் உங்களுடையதுதான். இரண்டும் ஒரே ராத்திரியில் ஒரே மனசில் இருக்கலாம். ஒன்றை வைத்து இன்னொன்றைத் தண்டிக்காதீர்கள்.

இனி ஜெபத்தில் செருப்பு வந்தால் விரட்டவேண்டாம். அந்த அம்மாவுக்காகவே ஜெபியுங்கள், அன்றைக்கு வேறொன்றும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை. நானும் ஜெபிக்கிறவள்தான், அந்த உரிமையில் சொல்கிறேன்.

விசுவாசக் குறைவு என்று சொன்ன சகோதரிக்கு என்னிடம் அதிகம் பதில் இல்லை. 13ஆம் சங்கீதத்தை எடுத்துப் பாருங்கள். முதல் இரண்டு வசனத்துக்குள் நான்கு தடவை ‘எதுவரைக்கும்’ என்று வருகிறது. அப்படிக் கேட்டவரை வேதம் விசுவாசமில்லாதவர் என்று தள்ளவில்லை. யோபுவின் சிநேகிதர்கள் ஏழு நாள் பேசாமல் அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் காயப்படுத்தினார்கள். உங்கள் சபை ஐயரிடம், “ஒன்றும் சொல்லவேண்டாம், வந்து கொஞ்ச நேரம் எங்களோடு இருங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலான ஐயர்மார் வருவார்கள்.

உங்கள் கணவரிடம் இதைப் பேசுங்கள். எத்தனையோ டயாலிசிஸ் நோயாளிகள் இதே குற்ற உணர்வை மனைவியிடம் சொல்லாமல் சுமப்பதைப் பார்த்திருக்கிறேன். அவரும் அந்த வராந்தாவைக் கடந்துதானே வந்தார்?

மருத்துவமனைக் கோ-ஆர்டினேட்டரிடம் இன்னும் இரண்டு பேருடைய போன் நம்பரைக் கொடுத்து வையுங்கள். வாரத்தில் இரண்டு ராத்திரியாவது போன் இன்னொருவர் தலைமாட்டில் இருக்கட்டும். தூக்கமில்லாத ராத்திரிகள் தொடர்ந்தாலோ, வாழ்வதே வேண்டாம் என்று தோன்றினாலோ தாமதிக்காமல் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸின் எண் 14416, எந்த நேரத்திலும் தமிழில் பேசலாம்.

கடிதம் முழுவதும் அவருடைய தண்ணீர்க் கணக்கு இருக்கிறது, உங்கள் சர்க்கரைக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? அடுத்த டயாலிசிஸ் நாளில் அந்த நான்கு மணி நேரமும் வாசலிலேயே உட்கார்ந்திருக்காமல், சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டு, பசிக்குச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள்.