நீராவிக் காலத்தில் லண்டன் புறநகர் ரயில்களுக்கு டெண்டர் (கரியும் தண்ணீரும் சுமக்க எஞ்சினுக்குப் பின்னால் மாட்டும் பெட்டி) இல்லாத டேங்க் எஞ்சின்களையே ஏன் பயன்படுத்தினார்கள்?

தூரம் குறைவு, கரியும் தண்ணீரும் கொஞ்சம் இருந்தால் போதும், அதனால் டெண்டர் தேவைப்படவில்லை என்று பலரும் சொல்வார்கள். அது பாதிப் பதில்தான்.

டெண்டர் எஞ்சினைப் பின்னோக்கி ஓட்டினால் பாதை சரியாகத் தெரியாது, கரித்தூள் முகத்தில் அடிக்கும். ஒவ்வொரு முறையும் சுழல்மேடையில் ஏற்றித் திருப்ப வேண்டும். நெரிசலான கடைசி நிலையத்தில் அதற்கு நேரமும் இல்லை, இடமும் இல்லை. டேங்க் எஞ்சின் தண்ணீரையும் கரியையும் தன் மேலேயே சுமப்பதால் எந்தப் பக்கமும் ஓடும். அந்த எடையில் பெரும்பகுதி இயக்கும் சக்கரங்களின் மேல் விழுவதால், வழுக்காமல் சட்டென்று கிளம்பவும் முடியும். அடுத்தடுத்து நிலையம் வரும் பாதையில் உச்ச வேகத்தைவிட இதுதான் முக்கியம்.

1863-ல் திறந்த மெட்ரோபாலிட்டன் ரயில்வேக்கு வேறொரு தலைவலி: சுரங்கப்பாதை. 1864-ல் மான்செஸ்டரின் பேயர் பீகாக் கம்பெனி கட்டித் தந்த எஞ்சின்களில், வேலை முடித்த நீராவியைப் புகைபோக்கிக்கு விடாமல் குழாய் வழியே தண்ணீர்த் தொட்டிக்குள் திருப்பிவிட்டார்கள். புகை என்னவோ இருக்கத்தான் செய்தது. 1872-ல் தெற்கு லண்டனுக்குப் பொறியாளர் ஸ்ட்ரௌட்லி வடிவமைத்த 'டெரியர்' எஞ்சின் 30 டன்கூட இல்லை. மொத்தம் 50 கட்டினார்கள், அதில் 10 இன்றும் இருக்கின்றன.

எனக்குப் பிடித்த கதை, லண்டனின் கிழக்குப் பக்க ரயில்களை ஓட்டிய கிரேட் ஈஸ்டர்ன் ரயில்வேயுடையது. 1900-களின் தொடக்கத்தில் அதன் பகுதிக்குள் மின்சார ரயில் விடப் போட்டிக்காரர்கள் அனுமதி கேட்டார்கள். மின்சார ரயில் 30 விநாடியில் மணிக்கு 30 மைல் வேகம் பிடிக்கும் என்பது அவர்கள் வாதம். நீராவியாலும் முடியும் என்று காட்ட, 1902-ல் அதன் ஸ்ட்ராட்ஃபோர்டு பட்டறையில் தலைமைப் பொறியாளர் ஹோல்டனின் 'டெகாபாட்' எஞ்சின் தயாரானது. பத்து இயக்குச் சக்கரங்கள், மூன்று சிலிண்டர்கள், சுமார் 80 டன். 300 டன்னுக்கு மேற்பட்ட ரயிலை இழுத்து அந்த வேகத்தைத் தொட்டும் காட்டியது. போட்டித் திட்டமும் படுத்துவிட்டது. ஆனால் அந்த எடையைத் தாங்கப் பாலங்களைப் பலப்படுத்த வேண்டுமே! பயணிகளை ஒருநாளும் ஏற்றாமல், 1906-ல் அது டெண்டர் வைத்த சரக்கு எஞ்சினாக மாற்றப்பட்டது.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1920-ல் அதே கம்பெனி, ஆறு சக்கரச் சின்ன எஞ்சின்களை வைத்தே லண்டனின் லிவர்பூல் ஸ்ட்ரீட் நிலையத்திலிருந்து புகழ்பெற்ற 'ஜாஸ்' சேவையைத் தொடங்கியது. வகுப்பு சட்டென்று தெரியப் பெட்டிகளில் அடித்த வண்ணக் கோடுகளால் வந்த பட்டப்பெயர் அது. ரயில் உள்ளே வந்ததும், பக்கத்தில் தயாராக நிற்கும் வேறொரு எஞ்சின் மறுமுனையில் வந்து மாட்டிக்கொள்ளும். நாலே நிமிடத்தில் வண்டி கிளம்பிவிடும். வந்த எஞ்சின் அடுத்த வண்டிக்குக் காத்திருக்கும். எஞ்சினைப் பெரிதாக்குவதைவிடத் தண்டவாள அமைப்பையும் சிக்னலையும் திருத்தியதுதான் பலன் தந்தது என்பேன். வெஸ்டிங்ஹவுஸ் காற்று பிரேக் சட்டென்று விடுபடுவதும் பெரிய உதவி.

சின்ன எஞ்சின்களுக்குப் பிறகு அதே கம்பெனியின் பொறியாளர் ஹில் வடிவமைத்த என்7 வகை டேங்க் எஞ்சின் இந்தப் பாதைகளை எடுத்துக்கொண்டது. சிங்ஃபோர்டு, என்ஃபீல்டு பாதைகளுக்கு மின்சாரம் 1960-ல்தான் வந்தது. நேரில் பார்க்க ஆசையிருந்தால், 1864-ல் வந்த மெட்ரோபாலிட்டன் எஞ்சின் வகையில் எஞ்சியிருக்கும் ஒன்று (1866-ல் கட்டியது) கோவென்ட் கார்டனில் உள்ள லண்டன் போக்குவரத்து அருங்காட்சியகத்தில் நிற்கிறது.