சினை பிடிக்காத குதிரையும் ஈஸ்டும்: கால்நடை மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், மூன்று பருவம் பொலிக்குதிரையோடு சேர்த்தும் பெட்டைக் குதிரை சினை பிடிக்கவில்லை. கர்ப்பப்பைக்குள் இரண்டு தடவை ஆன்டிபயாட்டிக் விட்டாயிற்று. இப்போது கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்க்கும் ஆய்வில்) கேண்டிடா என்ற ஈஸ்ட் வந்திருக்கிறது. எங்கிருந்து வந்தது?

பதில்: பெரும்பாலும் அதன் உடம்பிலிருந்தேதான். வெளியே இருக்கும்வரை ஈஸ்டால் தொல்லையில்லை. உள்ளே இருந்த பாக்டீரியாவை ஆன்டிபயாட்டிக் அழித்ததும், போட்டிக்கு ஆளில்லாமல் பெருகிவிடுகிறது. அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்: கல்ச்சர் பார்க்காமல் ஆன்டிபயாட்டிக் விடாதீர்கள்.

ஸ்மியரும் எடுக்கச் சொல்லுங்கள், அதாவது கர்ப்பப்பைத் திரவத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் பார்ப்பது. முட்டை வடிவச் செல், அதன் ஓரத்தில் ஒட்டிய சின்ன மொட்டு, சுற்றிலும் வெள்ளையணுக்கள்: மூன்றும் தெரிந்தால் நோய்தான். கல்ச்சரில் மட்டும் வந்தால், எடுக்கும்போது வெளியிலிருந்து ஒட்டியதாகவும் இருக்கலாம்.

அப்புறம், குதிரையின் பின்னால் பக்கவாட்டில் பத்திரமாக நின்று பாருங்கள். ஆசனவாய் உள்வாங்கி யோனி உதடுகள் சாய்ந்திருந்தால், நடக்கும்போதே காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்கும். காற்றோடு லத்தியும் போகும். அப்படியிருந்தால் யோனி உதடுகளின் மேல்பகுதியைத் தைக்க வேண்டும். கேஸ்லிக் என்ற கால்நடை மருத்துவர் 1937-இல் எழுதிய முறை. தைக்காமல் கர்ப்பப்பையைக் கழுவி ஈஸ்டைக் கொல்லும் நிஸ்டாட்டினோ குளோட்ரிமசோலோ விட்டால், நோய் திரும்ப வரும். குட்டி போடுமுன் தையலைப் பிரிக்க மறக்காதீர்கள்.

கேள்வி: பொலிக்குதிரையின் ஆண்குறி உறைக்குள் ஈஸ்ட் இருக்கிறதாம். அதனால்தான் சினை நிற்கவில்லையா?

பதில்: இருப்பதே குற்றமில்லை. மலசீசியா ஈக்வினா என்ற ஈஸ்டுக்கு 2007-இல் பெயர் வைத்ததே குதிரைத் தோலில் கண்டுதான். தோலின் கொழுப்பில் வாழ்வது. பெட்டையைச் சோதித்துவிட்டுப் பேசுங்கள்.

கேள்வி: தினமும் டெட்டால் போட்டு உறையைக் கழுவுகிறேன். போதுமா?

பதில்: இன்றே நிறுத்துங்கள். தீங்கில்லாத பாக்டீரியா செத்தால் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா என்ற நோய் தரும் பாக்டீரியாக்கள் அந்த இடத்தைப் பிடிக்கும். அவை பெட்டைக்கும் போகும்.

கேள்வி: பத்து வருஷமாகக் கழுவுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே?

பதில்: பொலிக்குதிரையிடம் அறிகுறி ஒன்றும் தெரியாது. சேர்த்த பெட்டைகளில் எத்தனை சினையானது என்று கணக்கு வைத்திருக்கிறீர்களா?

கேள்வி: நானும் சோப்புதான் போடுகிறேன். லேசான சோப்பு பரவாயில்லையா?

பதில்: வெதுவெதுப்பான தண்ணீரும் பஞ்சும் போதும், அதுவும் சேர்க்கும் நேரத்தில். தினமும் வேண்டாம். மேலே சொன்னதேதான்.

கேள்வி: தீவனத்தில் ஈஸ்ட் பவுடர் போடுகிறோம். அதனால் வருமா?

பதில்: வராது, அது வேறு ஈஸ்ட். அளவைத் தீவன நிபுணரிடம் கேளுங்கள்.

கேள்வி: கர்ப்பப்பைக்குள் தயிர் விடலாமா?

பதில்: கூடாது.

கேள்வி: மருந்து முடிந்ததும் சேர்க்கலாமா?

பதில்: சுழற்சி சுமார் 21 நாள். அடுத்த பருவத்தில் ஸ்மியரும் கல்ச்சரும் மறுபடி எடுங்கள். இரண்டும் சுத்தமாக இருந்தால் சேருங்கள்.