எண்பதை நெருங்கிய ‘அறிமுகக் கலைஞர்’

கேள்வி: அயர்லாந்தின் பாரம்பரிய ஃபிடில் (வயலின்) கலைஞர் பாடி கேனியின் முதல் தனி ஆல்பம், அவருக்கு எண்பது வயது நெருங்கும்போதுதான் வெளிவந்தது என்று படித்தேன். ஒரு மேதையை அத்தனை காலம் இருட்டில் வைத்திருந்தது அநியாயம் இல்லையா? அந்த வயதில் விரல்கள்தான் ஒத்துழைத்திருக்குமா? (வாசகர், மதுரை)

பதில்: இருட்டில் வைத்திருந்தார்கள் என்று உங்களுக்கு யார் சொன்னது? 1919இல் பிறந்தவரின் தனி ஆல்பம் 1997இல் வந்தது என்பது உண்மைதான். ஆனால் 1953இல் அகில அயர்லாந்து ஃபிடில் போட்டியில் வென்றவர் அவர். கிளேர் மாவட்டத்தில் 1946இல் உருவான புகழ்பெற்ற நடன இசைக்குழுவான டல்லா கெய்லி பேண்டின் தொடக்க கால உறுப்பினர். அயர்லாந்து வானொலியின் பிரபலமான நாட்டார் இசை நிகழ்ச்சி ஒன்றின் முகப்பு இசையாக ஒலித்ததும் அவர் வாசித்த ‘ட்ரிம் த வெல்வெட்’ என்ற ரீல், அதாவது நடன மெட்டுதான். பெயர் தெரியாமலே நாடே கேட்டிருக்கிறது. இதற்கு மேல் என்ன வெளிச்சம் வேண்டும்?

ஆல்பம் வந்தால்தான் கலைஞன் பிறக்கிறான் என்பது கம்பெனிகளின் கணக்கு. கேனி விவசாயி. அவருடைய தந்தை, தங்கள் வீட்டில் வந்து தங்கிய பார்வையற்ற ஃபிடில்காரர் ஒருவரிடம் கற்றார். தந்தையிடம் மகன் கற்றார். வாசித்ததோ, ஆடுகிறவர்களுக்காக. வீட்டுச் சமையலறையில் மேசை நாற்காலியை ஓரம் தள்ளிவிட்டு ஆடுவதுதான் அந்த ஊர்களின் வழக்கம். 1935இல் பொது நடனக்கூடங்களுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் வந்தது. பாதிரியாரும் போலீசும் அதைப் பிடித்துக்கொண்டு வீட்டு நடனங்களையும் விரட்டினார்கள். ஆட்டம் ஊர் மண்டபத்துக்குப் போனது. மண்டபத்தை நிரப்ப ஒற்றை ஃபிடில் போதாது. ஃபிடில், புல்லாங்குழல், அக்கார்டியன், பியானோ, டிரம் எல்லாம் சேர்ந்த குழுக்கள் பெருகின. அங்கே ‘தனி’ என்ற பேச்சுக்கே இடமில்லை.

இசைத்தட்டு வருவதெல்லாம் நன்மைக்கே என்றும் நினைத்துவிடாதீர்கள். அயர்லாந்தின் ஸ்லைகோவில் பிறந்து அமெரிக்கா போன ஃபிடில்காரர் மைக்கேல் கோல்மன் 1920களில் நியூயார்க்கில் பதிவுசெய்த தட்டுகள், பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். அற்புதமான வாசிப்பு, சந்தேகமில்லை. அவை அயர்லாந்து வந்து சேர்ந்ததும் பல ஊர்களில் ஃபிடில்காரர்கள் தங்கள் பாணியை விட்டுவிட்டு அவரை நகலெடுக்கத் தொடங்கினார்கள். கிழக்கு கிளேரின் நிதானமும் சோகமும் கலந்த பாணி தப்பிப் பிழைத்ததற்குக் கேனி போன்றவர்களே காரணம்.

இன்னொரு வேடிக்கை. 1950களின் இறுதியில் கேனி ஒரு நீள்தட்டில் வாசித்தார், மைத்துனர் பி.ஜே. ஹேஸ், பீடர் ஓலாக்லின், பியானோவில் பிரைடி லாஃபர்ட்டி என நால்வர் சேர்ந்து செய்தது. அந்த ஹேஸின் மகன் மார்ட்டின் ஹேஸ் தன் முதல் தனி ஆல்பத்தை 1993இல் கொண்டுவந்துவிட்டார். அவருடைய அத்தையின் கணவர்தான் கேனி. மாமாவை நான்கு ஆண்டுகள் முந்திக்கொண்டார்! இதில் யார் மூத்த கலைஞர் என்று உங்கள் கணக்குப்படி நீங்களே சொல்லுங்கள்.

விரல் விஷயத்துக்கு வருகிறேன். ரீல் என்பது பெரும்பாலும் எட்டு எட்டுத் தாளக்கட்டு கொண்ட இரண்டு பகுதிகள். வழக்கமாக ஒவ்வொன்றையும் இருமுறை வாசித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பிப்பார்கள். மெட்டு மாறாது. ஆனால் முதல் சுற்றில் நீட்டிப் பிடித்த ஸ்வரம் அடுத்த சுற்றில் மேலும் கீழும் தொட்டுத் திரும்பும் ஒரு சுழற்சியாக வரும். அதை ‘ரோல்’ என்பார்கள். சென்ற முறை வில்லைத் திருப்பிய இடத்தில் இம்முறை அப்படியே இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். எங்கே சுழற்றுவது, எங்கே வெறுமனே விடுவது என்பதில்தான் ஆளின் தரம் தெரியும். அதற்கு வேகம் தேவையில்லை. கிழக்கு கிளேர்காரர்கள் வேகத்தைப் பெரிதாக மதித்ததும் இல்லை.

உங்கள் ஆதங்கத்தில் ஒரு பாதியை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். நாற்பது வயதில் அவர் தனியாக ஒரு தட்டு செய்திருந்தால் இன்று அதையும் தேடி வாங்கியிருப்போம். அந்த நஷ்டம் நமக்குத்தான், அவருக்கில்லை. 2008இல் அவர் காலமானார். பழைய நால்வர் தட்டையும் 1997 ஆல்பத்தையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். விரல் ஒத்துழைத்ததா என்று பிறகு எனக்கு எழுதுங்கள்.